தாத்தாவின் பிறப்புப் பதிவு நிலநடுக்கத்தில் அழிந்துவிட்டதாம்: இத்தாலியக் குடியுரிமைக்கு இனி என்ன வழி?

வைகைக்கரை | 9 ஜூன் 2025

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுரைக்காரி. நியூ ஜெர்சிக்கு வந்து 24 வருடம் ஆகிறது. என் கணவர் இங்கேயே பிறந்தவர், அப்பா வழியில் இத்தாலியர். இந்தக் கேள்வி அவருக்காக, அவரைவிடவும் என் மாமனாருக்காக.

மாமனாருக்கு வயது 88. அவருடைய அப்பா 1903-இல் சிசிலியில் பிறந்து 1921-இல் கப்பலேறி வந்தவர். பேட்டர்சனில் பட்டுக்குச் சாயம் போடும் ஆலையில் வேலை பார்த்து 1957-இல் இறந்துவிட்டார். கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை வாங்கவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். ஊர் எது என்றால் எல்லார் வாயிலும் ஒரே பதில்: மெஸ்ஸினா.

மெஸ்ஸினா நகராட்சிக்கு எழுதினோம். அந்தப் பெயரில், அந்த ஆண்டில் பதிவு கிடைக்கவில்லை, 1908 நிலநடுக்கத்தில் பதிவேடுகள் பல அழிந்துவிட்டன என்று பதில் வந்தது. அதை நான்தான் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

கையில் இருப்பவை: கப்பல் பயணிகள் பட்டியலின் நகல், 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரு பக்கம், கல்லறைக் கல்லின் படம். கப்பலில் பெயர் 'கார்மெலோ', மற்ற இடங்களில் 'சார்லஸ்'. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைமணி | 9 ஜூன் 2025

சகோதரி, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. மார்ச் 28-ஆம் தேதி இத்தாலி அவசரச் சட்டம் போட்டு எல்லாவற்றையும் பூட்டிவிட்டது. என் அலுவலக நண்பர் ஒருவர் மூன்று வருடம் காகிதம் சேர்த்துவிட்டு இப்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். பணத்தைச் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.

கோப்புப்பெட்டி | 10 ஜூன் 2025

மணி சொல்வது பாதி சரி. மீதிப் பாதிதான் இவர்களுக்கு வேண்டியது.

பழைய விதியில் தலைமுறைக் கணக்கே கிடையாது. ஒன்றுபட்ட இத்தாலி 1861 மார்ச் 17-இல் உருவானது. அதற்குப் பிறகு உயிரோடிருந்த மூதாதை ஒருவர் இருந்து, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் குடியுரிமைச் சங்கிலி எங்கும் அறுபடாமல் இருந்தால் கொள்ளுப்பேரன்கூடக் கேட்கலாம். 2025 மார்ச் 28 அன்று வந்த 36-ஆம் எண் அவசரச் சட்டம் அதை நிறுத்தியது. மே 23-இல் அது 74-ஆம் எண் சட்டமாக நிலைபெற்றது. மார்ச் 27 இரவு 11.59-க்குள், ரோம் நேரப்படி, விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய விதியே செல்லும்.

புதிய விதியில் திறந்திருக்கும் முக்கியமான கதவு இது: அப்பா அம்மாவில் ஒருவரோ, தாத்தா பாட்டியில் ஒருவரோ இத்தாலியக் குடியுரிமை மட்டுமே உடையவராக இருக்க வேண்டும், அல்லது இறக்கும்போது அப்படி இருந்திருக்க வேண்டும். உங்கள் தாத்தா அமெரிக்கக் குடிமகன் ஆகாமலே இறந்திருந்தால் மாமனாருக்கு அவர் அப்பா, கணவருக்குத் தாத்தா. இருவரும் உள்ளே வருகிறார்கள்.

ஆக, நிரூபிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று அவர் பிறப்பு. மற்றது, அவர் கடைசிவரை இந்நாட்டுக் குடிமகன் ஆகவே இல்லை என்பது. நடக்காத ஒன்றுக்குக் காகிதம் வாங்குவதால் இரண்டாவதுதான் அதிக நாள் இழுக்கும். அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுச் சேவைத் துறைக்கு ஜி-1566 படிவம் போட்டால் தேடிப் பார்த்து, பதிவு இல்லை என்று சான்றிதழ் தருவார்கள். கட்டணம் 330 டாலர். பல மாதம் ஆகும், இன்றே போட்டுவிடுங்கள். படிவத்தில் கார்மெலோ, சார்லஸ், குடும்பப் பெயரின் எல்லா எழுத்து வேறுபாடுகளும் இருக்கட்டும். ஒரு பெயரை விட்டால் அந்தப் பெயரில் தேடவில்லையே என்று இத்தாலியத் துணைத் தூதரகத்தில் கேட்பார்கள். என் மனைவியின் கோப்பில் 2019-இல் அப்படித்தான் ஆகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

வைகைக்கரை | 10 ஜூன் 2025

ரொம்ப நன்றி அண்ணா. படிவம் நிரப்ப உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ஒரு பயம். 1930 கணக்கெடுப்பில் அவர் பெயருக்கு நேரே குடியுரிமைக் கட்டத்தில் 'பிஏ' என்று இரண்டு எழுத்து இருக்கிறது. விண்ணப்பித்துவிட்டார் என்று அர்த்தமா? கதை முடிந்ததா?

கோப்புப்பெட்டி | 11 ஜூன் 2025

முடியவில்லை. 'பிஏ' என்றால் முதல் காகிதம் கொடுத்தவர். குடிமகனாகும் எண்ணம் உண்டு என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான். அது ஏழு வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குள் இரண்டாவது மனுவைப் போட்டு, சாட்சிகளோடு போய், உறுதிமொழி எடுத்தால்தான் குடியுரிமை. முதல் காகிதத்தோடு நின்றுபோனவர்கள் ஏராளம். 'என்ஏ' என்றிருந்தால்தான் குடிமகன் ஆனவர், 'ஏஎல்' என்றால் அந்நியர்.

1940, 1950 கணக்கெடுப்புகளையும் பாருங்கள். 1950-க்கானது 2022 ஏப்ரலில்தான் பொதுப் பார்வைக்கு வந்தது. அதில் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் குடியுரிமை வாங்கிவிட்டாரா என்று நேராகவே கேட்டிருக்கிறார்கள். கணக்கெடுப்பு மட்டும் தனியாகச் சான்று ஆகாது, ஆனால் சான்றிதழுக்குப் பக்கபலம். அவர் வாழ்ந்த கவுண்டி நீதிமன்றத்திலும், தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேடச் சொல்லி, இல்லை என்று கடிதம் வாங்கி வையுங்கள்.

இன்னொன்று: 1940-இல் 14 வயதைத் தாண்டிய அந்நியர் எல்லாரும் தபால் நிலையத்துக்குப் போய் விரல்ரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தப் படிவத்தின் பெயர் ஏஆர்-2. பிறந்த ஊர், வந்த கப்பல் எல்லாம் அதில் இருக்கும். சேவைத் துறையின் வம்சாவளிப் பிரிவில் நகல் கேட்கலாம். 1940-இல் அந்நியராகக் கைரேகை வைத்தவர் அன்றைக்குக் குடிமகன் இல்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்?

பலெர்மோ_வாசி | 12 ஜூன் 2025

அக்கா, வணக்கம். நான் யாழ்ப்பாணம். பலெர்மோவுக்கு வந்து 22 வருசம். எங்கட ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். சிசிலிக்காரரோடு பழகின அனுபவத்தில் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். தாத்தா மெஸ்ஸினா நகரத்தில்தான் பிறந்தவர் என்று எந்தக் கடதாசியில் இருக்கிறது?

மெஸ்ஸினா நகரத்தின் பெயர், மாகாணத்தின் பெயரும் அதுவே. அந்த மாகாணத்தில் நூற்றுக்கு மேல் ஊர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நகராட்சி, தனிப் பதிவேடு. உசிலம்பட்டியில் பிறந்தவர் அமெரிக்காவில் போய் "நான் மதுரை" என்று சொல்ல மாட்டாரா? நீங்கள் மதுரை என்றபடியால் உங்களுக்கு விளங்கும். பக்கத்து ஊரில் கேட்டால் இருக்கிற பதிவு, மெஸ்ஸினாவில் கேட்டால் இல்லைதான்.

நிலநடுக்கம் பொய்யில்லை. 1908 டிசம்பர் 28, விடியற்காலை 5.20. பிறகு கடல் வேறு ஏறி வந்தது. இறந்தவர்கள் 75,000-க்கு மேல் என்பார்கள். நகரத்துக் கந்தோர்களும் இடிந்தன. அதனாலே மெஸ்ஸினா என்று எழுதிக் கேட்டவுடன் "நிலநடுக்கம்" என்று பதில் வருவது இயல்பு. அதைக் கடைசிப் பதிலாக எடுக்காதேங்கோ.

பதிவேடு இங்கே இரண்டு பிரதியாக எழுதுவார்கள். ஒன்று நகராட்சியில் இருக்கும், மற்றது நீதிமன்றத்துக்குப் போய்ப் பிறகு அரசு ஆவணக் காப்பகத்துக்குச் சேரும். ஒன்று எரிந்தாலும் மற்றது இருக்கலாம். 'அந்தெனாத்தி' என்று காப்பகங்களின் இணையத்தளம் இருக்கிறது, ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்திலும் ஸ்கேன் உண்டு, காசு இல்லை. ஆம்பிளைப் பிள்ளை என்றபடியால் இராணுவத்துக்கான ஆள்சேர்ப்புப் பட்டியலும் பாருங்கோ. பிறந்த ஆண்டு வாரியாக எல்லாப் பெடியன்களின் பெயரும் இருக்கும். கப்பலேறிப் போனவர்களையும் விடாமல் எழுதியிருப்பார்கள்.

இரண்டு பிரதியும் உண்மையாகவே அழிந்திருந்தால்கூட வழி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் 396-ஆம் எண் ஜனாதிபதி ஆணை, 95-ஆம் பிரிவு: அழிந்த, தொலைந்த பதிவைத் திரும்ப உருவாக்கித் தரச் சொல்லி அந்தப் பகுதி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அது கடைசிப் படி. முதல் ஊரைக் கண்டுபிடியுங்கோ.

சாவ்பாவ்லோ_தமிழச்சி | 14 ஜூன் 2025

படிக்கப் படிக்க மனசு கனத்துவிட்டது. என் கணவரின் கொள்ளுத்தாத்தா இத்தாலியின் வெனெட்டோவிலிருந்து 1888-இல் பிரேசிலுக்கு வந்தவர். அந்தப் பக்கம் நகராட்சிப் பதிவு 1871-இல்தான் தொடங்கியது. இவர் 1866-இல் பிறந்தவர் என்பதால் தேவாலய ஞானஸ்நானப் பதிவுதான் ஒரே சான்று. பங்குச் சாமியாருக்கு எழுதி, மறைமாவட்டத்தில் கையெழுத்தை உறுதிசெய்து வாங்க ஒன்றரை வருடம். பிரேசிலில் குடியுரிமை வாங்கவில்லை என்ற சான்றுக்கு அந்தப் பெயரின் 11 எழுத்து வடிவங்களைக் கொடுத்தோம்.

எல்லாம் கைக்கு வந்தது இந்த பிப்ரவரியில். விண்ணப்பிக்க நாள் கிடைக்கவில்லை. மார்ச்சில் சட்டம் வந்துவிட்டது. கொள்ளுத்தாத்தா என்பதால் புதிய விதியில் இடமில்லை. காகிதங்களை அலமாரியில் வைத்திருக்கிறேன், திறந்து பார்க்க மனம் வரவில்லை.

வைகைக்கரை, உங்களுக்குத் தாத்தாதான் என்பது பெரிய பேறு. விடாதீர்கள்.

காரைக்கால்_கடல் | 15 ஜூன் 2025

நம்ம ஊரிலும் இது உண்டு, அதனால் எழுதுகிறேன். பிரெஞ்சு இந்தியாவை ஒப்படைக்கும் உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, புதுச்சேரி, காரைக்காலில் பிறந்தவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். எங்கள் பெரியப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. பெரியப்பா பிள்ளைகள் பாரிஸில், நாங்கள் இங்கே.

பெரியப்பா பேரன் கோப்பு ஒரு எழுத்தால் இரண்டு வருடம் நின்றது. பிரெஞ்சுப் பதிவேட்டில் தாத்தா பெயர் ஒரு மாதிரி, தமிழ்நாட்டில் நடந்த கல்யாணப் பதிவில் வேறு மாதிரி. கார்மெலோ–சார்லஸ் விஷயத்தை இப்போதே கவனியுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

வைகைக்கரை | 2 ஜூலை 2025

கண்டுபிடித்தோமா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை, படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

1942 பிப்ரவரியில் ராணுவத்துக்குப் பெயர் பதிந்த அட்டை ஃபேமிலிசர்ச்சில் கிடைத்தது. ஒரு சின்ன அட்டை. முன்பக்கம் 'சார்லஸ்', பேட்டர்சன் முகவரி, வேலை பார்த்த சாய ஆலை. கையெழுத்தை மட்டும் 'கார்மெலோ' என்றே போட்டிருக்கிறார், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பேனாவை அழுத்தி. மாமனார் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்பாவின் கையெழுத்தை அவர் பார்த்தே 60 வருடத்துக்கு மேல் ஆகிறது.

பிறந்த இடம்: 'பார்சிலோனா, இத்தாலி'. பார்சிலோனா ஸ்பெயினில் அல்லவா இருக்கிறது? குமாஸ்தா தப்பாக எழுதிவிட்டார் என்கிறார் கணவர். தாத்தா ஸ்பெயின் வழியாக வந்திருப்பார் என்று கணவரின் அத்தை சொல்கிறார்.

பலெர்மோ_வாசி | 2 ஜூலை 2025

அக்கா!! தப்பே இல்லை. பார்செல்லோனா போட்சோ தி கோத்தோ. மெஸ்ஸினா மாகாணத்திலே, மிலாட்சோவுக்குப் பக்கத்திலே இருக்கிற ஊர். பலெர்மோ–மெஸ்ஸினா ரயில் அந்த வழியால்தான் போகும். பார்செல்லோனா, போட்சோ தி கோத்தோ என்று இரண்டு ஊர்களாக இருந்ததை 1836-இல் ஒன்றாக்கினார்கள். இங்கே ஆட்கள் சுருக்கமாகப் 'பார்செல்லோனா' என்றுதான் சொல்வார்கள். இத்தாலியனில் 'ல்' இரட்டிக்கும், உங்கள் அமெரிக்கக் குமாஸ்தா ஒன்றை விட்டுவிட்டார்.

அந்த நகராட்சிக்கு நான் இத்தாலியனில் கடிதம் எழுதித் தருகிறேன். பெற்றோர் பெயரோடு கூடிய பிறப்புப் பதிவுச் சாரம் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். சும்மா சான்றிதழ் என்று கேட்டால் பெற்றோர் பெயர் இல்லாமல் அனுப்பிவிடுவார்கள், அது பயன்படாது. 1902, 1903, 1904 மூன்று வருசமும் பார்க்கச் சொல்வோம். வெளிநாட்டில் வயதைக் கூட்டிக் குறைத்துச் சொல்வது அந்தக் காலத்தில் சாதாரணம்.

வைகைக்கரை | 21 ஜூலை 2025

கடிதம் போய்விட்டது. தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இதற்கிடையில் இந்தப் பக்கம் இரண்டு சிக்கல். மாமனாரின் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆண்' என்று மட்டும் இருக்கிறது. வீட்டிலேயே பிறந்தவர், மருத்துவச்சி பதிந்தாராம், பெயர் வைக்குமுன் படிவம் போய்விட்டது. இரண்டாவது, அவர் பெற்றோரின் கல்யாணம் 1934-இல் புரூக்ளினில் நடந்தது. பதிவு இல்லை என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாள் முழுக்கக் காத்திருந்துவிட்டு வெறுங்கையோடு வந்தோம். 88 வயது மனிதரைப் படியேற்றி இறக்கியதுதான் எனக்கு ஆறவில்லை.

கோப்புப்பெட்டி | 22 ஜூலை 2025

கல்யாணத்தை முதலில் முடிப்போம். நியூ யார்க் நகரில் அந்தக் காலத்துக்கு இரண்டு வரிசைப் பதிவுகள் உண்டு. சுகாதாரத் துறையின் திருமணச் சான்றிதழ்கள் 1937 வரை. நகர எழுத்தர் வழங்கிய திருமண உரிமங்கள் 1908 முதல். 1934 இரண்டிலுமே வரும். ஒன்றில் தேடிவிட்டு இல்லை என்றிருப்பார்கள். மற்றதைக் கேளுங்கள், அதுவும் பெண்ணின் பெயரில். காதில் விழுந்தபடி எழுதியதில் மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்தே மாறியிருந்தால் அகரவரிசையில் அவர் வேறெங்கோ போயிருப்பார்.

பெயரில்லாத சான்றிதழைப் பதிவு அலுவலகத்தில் திருத்தலாம். பழைய பள்ளிப் பதிவு, ஞானஸ்நானச் சான்று, ராணுவ விடுவிப்புக் காகிதம் எது இருந்தாலும் கொண்டு போங்கள். திருத்திய பிறகு புதிதாக நகல் வாங்கி அதற்கு அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் அத்தாட்சி) போடுங்கள். நியூ ஜெர்சி ஆவணத்துக்கு மாநிலக் கருவூலத் துறை தரும். கூட்டாட்சித் துறையின் 'பதிவு இல்லை' சான்றிதழுக்கு வாஷிங்டனில் வெளியுறவுத் துறைதான் தர வேண்டும். இதை மாற்றிப் போட்டு ஒரு மாதத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

கார்மெலோ–சார்லஸ் விஷயத்தில் அந்த ராணுவ அட்டை தங்கம். ஒரே அட்டையில் இரண்டு பெயரும் இருக்கின்றன. அது போதாது என்றால் இருவரும் ஒருவரே என்று நீதிமன்ற உத்தரவு வாங்கலாம். கப்பலில் வந்தவர்களைச் சோதித்து உள்ளே விட்ட எல்லீஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று விளக்கம் மட்டும் எழுதாதீர்கள். பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும்போதே கப்பல் நிறுவனம் தயாரித்தது, தீவில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள். உங்கள் பட்டியலிலேயே கார்மெலோ என்றுதானே இருக்கிறது? பேட்டர்சனில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவரே மாற்றிக்கொண்டிருப்பார்.

நெல்லைமணி | 3 ஆகஸ்ட் 2025

நான் அவசரப்பட்டு எழுதியதற்கு வருந்துகிறேன் சகோதரி. ஜூலை 31-இல் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பு ஒன்று சொல்லியிருக்கிறதே, சாவ் பாவ்லோ சகோதரிக்கு அதில் வழி உண்டா? இன்னொன்று, உங்கள் பிள்ளைகளுக்கும் இது கிடைக்குமா?

கோப்புப்பெட்டி | 3 ஆகஸ்ட் 2025

அந்த 142-ஆம் எண் தீர்ப்பு, தலைமுறை வரம்பில்லாத பழைய சட்டம் செல்லும் என்கிறது. புதிய சட்டத்தை அது தொடவில்லை. சாவ் பாவ்லோ சகோதரி காகிதங்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் வழக்காடும் இத்தாலிய வழக்கறிஞர் ஒருவரைக் கேட்பது நல்லது.

பிள்ளைகள் விஷயத்தில் விதி கடுமை. வயதுவந்த மகளுக்குக் கார்மெலோ கொள்ளுத்தாத்தா. அவளுடைய தாத்தாவிடம் இரண்டு குடியுரிமையும் இருப்பதால் 'மட்டுமே' என்ற சொல் அங்கே தடுக்கும். ஆனால் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறப்பால் இத்தாலியக் குடிமகனாக இருந்தால், இத்தாலியில் சட்டப்படி இரண்டு வருடம் வசித்த பிறகு விண்ணப்பிக்கலாம்.

வைகைக்கரை | 4 ஆகஸ்ட் 2025

மகளுக்கு 22 வயது. அவளிடம் சொன்னேன். "தாத்தாவுக்கு முதலில் கிடைக்கட்டும்மா, நான் அங்கே போய்ப் படித்துக்கொள்கிறேன்" என்றாள்.

பலெர்மோ_வாசி | 8 செப்டம்பர் 2025

அக்கா, நகராட்சியில் தொலைபேசியில் கதைத்தேன். கடிதம் கிடைத்திருக்கிறது, வரிசையில் இருக்கிறதாம். 4-ஆம் திகதி பலெர்மோவின் காவல் புனிதர் சாந்தா ரொசாலியாவின் நாள். பெல்லெக்ரினோ மலைக்கு எங்கட சனம் எல்லாம் ஏறிப் போகும், சைவக்காரரும்தான். உங்கள் மாமனார் பெயரில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். என்ர அம்மாவின் பிறப்புப் பத்திரம் 1995 இடப்பெயர்வில் போனது, உத்தேச வயதுச் சான்றிதழ் எடுப்பதற்கு நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

வைகைக்கரை | 17 நவம்பர் 2025

வந்துவிட்டது.

நீல முத்திரையோடு சாரம் ஒரு தாள், கூடவே பதிவேட்டுப் பக்கத்தின் நகல். பிறந்தது 1902 டிசம்பர், 1903 இல்லை. தம்பி மூன்று வருடம் பார்க்கச் சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. பெயர் கார்மெலோதான். அப்பா விவசாயி. அதிகாலை மூன்று மணிக்கு, வீட்டில் பிறந்ததாக இருக்கிறது, தெருப் பெயரும் உண்டு. குழந்தையை அப்பாவே நகராட்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். கடைசி வரியில், அறிவிப்பவருக்கு எழுதத் தெரியாததால் சாட்சிகளும் அதிகாரியும் மட்டும் கையொப்பமிட்டார்கள் என்று எழுதியிருக்கிறது.

தம்பி தொலைபேசியில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் மாமனாருக்குச் சொன்னேன். அவருடைய பாட்டி, அதாவது கார்மெலோவின் அம்மா பெயர் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அந்தப் பெயரை அவர் இதுவரை கேட்டதே இல்லையாம். மூன்று முறை சொல்ல வைத்தார். பிறகு ஒரு பேனா வாங்கித் தன் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

'பதிவு இல்லை' சான்றிதழ் போன வாரமே வந்தது, அப்போஸ்டிலுக்கு அனுப்பியாயிற்று. கல்யாணப் பதிவு பெண் பெயரில் தேடியதும் கிடைத்தது. விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 600 யூரோ, இருவருக்கும் எடுத்து வைத்துவிட்டோம். ஆனால் அமெரிக்க ஆவணங்கள் எல்லாவற்றிலும் பிறப்பு 1903 என்றும், இத்தாலியப் பதிவில் 1902 என்றும் இருக்கிறது. அண்ணா, இதற்கு இறப்புச் சான்றிதழை மட்டும் திருத்தினால் போதுமா, கல்யாணப் பதிவையும் திருத்த வேண்டுமா?

கோப்புப்பெட்டி | 17 நவம்பர் 2025

ரொம்ப சந்தோஷம். 1902 டிசம்பருக்கும் 1903-க்கும் சின்ன வித்தியாசம் போல் தெரிந்தாலும் ஆண்டு மாறுவதால் கேட்பார்கள். முதலில் எதையும் திருத்தாதீர்கள். உங்கள் துணைத் தூதரகத்தின் பக்கத்தில் ஆவண வேறுபாடுகளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள், இடத்துக்கு இடம் அது மாறும். பதிவேட்டு நகல், ராணுவ அட்டை, கப்பல் பட்டியல் மூன்றையும் ஸ்கேன் செய்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இன்று இரவு வரிசையாக எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.